வயதான நாய்க்கு ஆயுளைக் கூட்ட முடியுமா?

நாயின் ஆயுளைக் கூட்ட ஒரு மாத்திரை!

அமெரிக்காவில் ஒரு கம்பெனி இப்படி ஒரு மாத்திரையைத் தயாரித்து வருகிறது. கம்பெனியின் பெயர் லாயல். அந்த மருந்து பலன் தரும் என்று எதிர்பார்க்க நியாயம் இருப்பதாக, அந்த நாட்டு மருந்துத் துறை 2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒப்புக்கொண்டது. செய்தி உலகம் முழுவதும் பரவியது.

கோவில்பட்டி வட்டாரத்திலும் வீட்டுக்கு வீடு நாய் உண்டு. வயதான நாயும் உண்டு. இந்தச் செய்தியைப் படித்தவர்கள் என்ன நினைப்பார்கள்? "அந்த மாத்திரை நம் ஊருக்கு எப்போது வரும்?" என்றுதான் நினைப்பார்கள்.

மாத்திரை வரும்போது வரட்டும். நாயின் ஆயுளைக் கூட்டும் வழி ஒன்று ஏற்கனவே இருக்கிறது. 2002-ம் ஆண்டிலேயே அது நிரூபிக்கப்பட்டுவிட்டது. அதற்குச் செலவு கிடையாது. மிச்சம்தான்!

அது என்ன வழி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. தெரு நாய்களைப் பற்றி சுப்ரீம் கோர்ட்டு 2025-ம் ஆண்டில் அடுத்தடுத்து உத்தரவு போட்டது. "என் நாய் வீட்டு நாய் ஆயிற்றே, எனக்கு என்ன?" என்று யாரும் இருந்துவிட முடியாது. வயதான நாயை வைத்திருப்பவர்களுக்கு அந்த உத்தரவோடு நெருங்கிய சம்பந்தம் உண்டு. அதையும் பார்ப்போம்.

கரிசல் சீமையின் நாய்கள்

நம் கரிசல் பூமி நாய்களுக்குப் பேர் போன பூமி.

சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமம். கோவில்பட்டிக்குப் பக்கம்தான். அந்த ஊரின் பெயரே ஒரு நாய் இனத்துக்குப் பெயராகிவிட்டது. ஒல்லியான உடம்பு, நீண்ட கால், ஒட்டிய வயிறு, குதிரை போல ஓட்டம். இதுதான் சிப்பிப்பாறை நாய்.

கோவில்பட்டி, கழுகுமலை பக்கங்களில் கன்னி நாய் பிரசித்தம். கருப்பு உடம்பில் கால்களும் மார்பும் செம்பழுப்பாக இருக்கும். கல்யாணப் பெண்ணுக்குச் சீதனமாகக் கன்னி நாயைக் கொடுத்தது உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். ராஜபாளையம் நாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2005-ம் ஆண்டு ஜனவரி மாதம் அதன் படத்தைப் போட்டு இந்திய அரசாங்கம் தபால் தலையே வெளியிட்டது.

2020-ம் ஆண்டில் இன்னொரு பெருமையும் சேர்ந்தது. நாட்டின் மரபுக் கால்நடைகளைப் பதிவு செய்யும் மத்திய நிறுவனம் ஒன்று அரியானா மாநிலம் கர்னாலில் இருக்கிறது. மாடு, ஆடு, கோழி இனங்களைப் பதிவு செய்து வந்த அந்த நிறுவனம் முதல் தடவையாக நாய் இனங்களையும் பதிவு செய்தது. மொத்தம் மூன்றே இனங்கள். அவற்றில் இரண்டு நம்முடையவை: ராஜபாளையம், சிப்பிப்பாறை. மூன்றாவது கர்நாடகத்தின் முதோல் நாய். அதே ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி பிரதமர் நரேந்திர மோடி தம் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நாய்களைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார்.

அதன் பிறகு குட்டிகளுக்குக் கிராக்கி ஏறியது. எல்லோரும் குட்டியைக் கேட்கிறார்கள். குட்டி வளர்ந்து கிழமானால் என்ன செய்வது என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர்?

வேலை போன நாய்

இந்த நாய்களின் வாழ்க்கை இன்று மாறிவிட்டது. காரணம் என்ன?

முன்பு இவை முயல் விரட்டின. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று முயல் வேட்டை குற்றம். சட்டம் நியாயமானதுதான். ஆனால் நாய்க்கு வேலை போய்விட்டது.

ஆட்டுக் கிடைக்குக் காவல், தோட்டத்துக்குக் காவல் என்று இன்னும் சில நாய்களுக்கு வேலை இருக்கிறது. மற்றவை வீட்டு வாசலில் சங்கிலியில் நிற்கின்றன. முன்பு நாள் முழுவதும் காடு மேடு சுற்றிவிட்டு வந்து ஒரு வேளைக் கம்பங்கூழைக் குடித்த நாய், இன்று நின்ற இடத்தில் மூன்று வேளை சாப்பிடுகிறது. பால் சோறு, பிஸ்கட், புரோட்டா!

வேலை குறைந்தது, தீனி கூடியது. இதுதான் நோய்க்கு ஆரம்பம்.

நாயின் வயதைக் கணக்கிடுவது எப்படி?

நாயின் ஒரு வயது மனிதனின் ஏழு வயதுக்குச் சமம் என்று சொல்வது வழக்கம். இது சரியான கணக்கு அல்ல. ஒரு வயது நாய் குட்டி போடும். ஏழு வயதுச் சிறுமி பிள்ளை பெறுவாளா?

அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் லாப்ரடார் இன நாய்களின் உயிரணுக்களை ஆராய்ந்து, 2020-ம் ஆண்டில் புதிய கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். அதன்படி ஒரு வயது நாய் 31 வயது மனிதனுக்குச் சமம். நாலு வயது நாய் 53 வயது மனிதனுக்குச் சமம். எட்டு வயது நாய்க்கு 64. பன்னிரண்டு வயது நாய்க்கு 71. அதாவது நாய்க்குச் சிறு வயதில் முதுமை வேகமாக ஓடுகிறது. பிறகு மெதுவாக நடக்கிறது. இது லாப்ரடார் கணக்கு. மற்ற இனங்களுக்குக் கொஞ்சம் கூடும், குறையும்.

பொதுவாக, பெரிய உடம்பு உள்ள நாய்க்கு ஆயுள் குறைவு. சிறிய நாய்க்கு ஆயுள் அதிகம். இங்கிலாந்தில் 5 லட்சத்து 84 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களைச் சேர்த்துக் கணக்கிட்டு 2024-ம் ஆண்டு வெளியிட்டார்கள். சரிபாதி நாய்கள் பன்னிரண்டரை வயதைத் தாண்டின என்று அதில் தெரிந்தது.

உலகத்திலேயே அதிக வயது வாழ்ந்த நாய்களில் பேர் பெற்றது ஆஸ்திரேலியாவின் புளூயி. அது 29 ஆண்டு 5 மாதம் உயிரோடு இருந்து 1939-ம் ஆண்டு இறந்தது. அது சொகுசாகத் தூங்கிய நாய் அல்ல. ஏறக்குறைய 20 வருடம் மாடும் ஆடும் மேய்த்த நாய்!

உங்கள் நாய்க்கு ஏழு, எட்டு வயது ஆகிவிட்டதா? அப்படியானால் அது முதுமையில் கால் வைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவாய் நரைக்கும். எழுந்திருக்கும்போது பின்னங்கால் தடுமாறும். கண்ணில் நீலம் பூத்தாற்போல் இருக்கும். கூப்பிட்டால் உடனே வராது. அது திமிர் அல்ல, காது மந்தம்.

மாத்திரையின் கதை

இப்போது மாத்திரைக்கு வருவோம்.

லாயல் கம்பெனியின் மாத்திரை பத்து வயதும் அதற்கு மேலும் ஆன நாய்களுக்கானது. வயதாக ஆக, தின்ற உணவைச் சக்தியாக மாற்றும் வேலையில் உடம்பு தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தைச் சரி செய்தால் ஆயுள் கூடும் என்பது அவர்கள் எண்ணம். சுமார் 1,300 நாய்களைச் சேர்த்துப் பெரிய சோதனை நடத்துகிறார்கள். 2025-ல் கிடைத்தது முதல் படிதான். அது முழு அனுமதி அல்ல.

வேறொரு மருந்தும் சோதனையில் உண்டு. அதன் பெயர் ராபமைசின். பசிபிக் சமுத்திரத்தில் ராபா நூயி என்று ஒரு தீவு. 1964-ம் ஆண்டு அங்கே போன கனடா நாட்டுக் குழு ஒன்று அந்தத் தீவின் மண்ணை அள்ளிக்கொண்டு வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரில் இருந்து இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் சுரேந்திரநாத் சேகல் என்ற இந்தியர். சிறுநீரக மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட மனிதர்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கிறார்கள். நாயின் முதுமைக்கும் இது பயன்படுமா என்று அமெரிக்க சர்வகலாசாலைகள் சோதித்து வருகின்றன.

ஆராய்ச்சி நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லாயலின் மாத்திரை எதைச் சரி செய்யப் பார்க்கிறது? சாப்பாட்டை உடம்பு பயன்படுத்தும் விதத்தை! அந்தச் சாப்பாட்டுத் தட்டு நம் கையில்தானே இருக்கிறது?

48 நாய்கள் கற்றுத் தந்த பாடம்

அமெரிக்காவில் புரினா என்ற நாய்த் தீனிக் கம்பெனி ஒரு சோதனை நடத்தியது. 48 லாப்ரடார் குட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு தாய் வயிற்றுக் குட்டிகளாகப் பார்த்து ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒரு குட்டிக்கு வழக்கம் போல் சாப்பாடு. இன்னொன்றுக்கு அதில் கால் பங்கு குறைத்துச் சாப்பாடு. அதே தீனி, அதே இடம், அதே கவனிப்பு. அளவு மட்டும் வித்தியாசம். இப்படியே 14 வருடம் நடத்தினார்கள். 2002-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள்.

முடிவு என்ன தெரியுமா?

நிறையச் சாப்பிட்ட நாய்களில் பாதி, 11 வயதைச் சற்றுத் தாண்டியதும் இறந்துவிட்டன. கால் பங்கு குறைத்துச் சாப்பிட்ட நாய்களில் பாதி, 13 வயது வரை இருந்தன. ஏறக்குறைய இரண்டு வருடம் அதிகம்! மூட்டு நோய்க்கு மருந்து கொடுக்க வேண்டிய நிலையும் அவற்றுக்கு மூன்று வருடம் தள்ளியே வந்தது.

தீனி விற்கிற கம்பெனியே, "குறைத்துப் போடுங்கள்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

நாயைப் பட்டினி போடுங்கள் என்று இதற்கு அர்த்தம் அல்ல. மிச்சமான சோற்றை எல்லாம் நாயின் தட்டில் கொட்டாதீர்கள் என்று அர்த்தம். அன்பு காட்டுவதாக நினைத்து அதன் ஆயுளைக் குறைக்காதீர்கள் என்று அர்த்தம்.

எவ்வளவு போடலாம்?

தராசு வேண்டாம். கை போதும்.

நாயின் விலாவில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தடவுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தினால்தான் தட்டுப்படுகிறது என்றால் நாய் பெருத்துவிட்டது. மேலே இருந்து பாருங்கள். இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் இரண்டு மூன்று விலா வெளியே தெரிவது சகஜம். அது வறுமை அல்ல. அந்த இனத்தின் அமைப்பு. பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்கிறார் என்று அதைக் கொழுக்க வைக்காதீர்கள்.

ஒரே வேளையில் கொட்டாமல், காலையிலும் மாலையிலும் அளந்து போடுங்கள். வெறும் சோறு மட்டும் போதாது. வயதான நாயின் சதை கரையும். அதற்குப் புரதம் வேண்டும். அவித்த முட்டை, கோழிக்கறி, மீன் ஆகியவை நல்லவை. நன்றாக வேகவைத்த கம்பு, சோளம் கொஞ்சம் சேர்க்கலாம். உப்பும் மிளகாயும் வேண்டாம்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கு அது பெருமை. நாய்க்கு அது வேண்டாம்! வெல்லப்பாகு பல்லில் ஒட்டும்; உடம்பைப் பெருக்க வைக்கும். பிள்ளைகள் ஆசையாகக் கொடுப்பார்கள். தாய்மார்கள்தான் சொல்லித் தடுக்க வேண்டும்.

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் விஷம். வேகவைத்த கோழி எலும்பு ஊசி போல் உடைந்து குடலைக் குத்தும். இவற்றை எந்த வயது நாய்க்கும் கொடுக்கக் கூடாது.

வாயைத் திறந்து பாருங்கள்

வயதான நாயின் வாய் நாறுகிறதா? "கிழ நாய் என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பல்லில் காவி படிந்திருக்கும். ஈறு வீங்கியிருக்கும். அங்கே பெருகும் கிருமி ரத்தத்தில் கலந்து மற்ற உறுப்புகளுக்கும் கேடு செய்யும். பல் வலித்தால் நாய் அழாது. சாப்பாட்டை வாயில் எடுத்துக் கீழே போடும். ஒரு பக்கமாக மெல்லும்.

நாய்க்கென்று உள்ள பற்பசையை மெல்லிய துணியில் தொட்டுத் தேய்க்கலாம். மனிதர்களின் பற்பசை கூடாது. அதை நாய் விழுங்கிவிடும்.

உண்ணி என்ற எமன்

நம் வறண்ட சீமையில் நாய்க்குப் பெரிய சத்துரு உண்ணி.

உண்ணி வெறும் ரத்தத்தைக் குடிப்பதோடு போவது இல்லை. எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகளை நாயின் உடம்பில் ஏற்றிவிடுகிறது. காய்ச்சல் வரும். நாய் சாப்பிடாது. ஈறு வெளுத்துவிடும். சில நாய்க்கு மூக்கில் ரத்தம் வரும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். இந்த அடையாளம் எதைக் கண்டாலும் அன்றே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் பிழைக்கும். வயதான நாயிடம் தாங்கும் சக்தி குறைவு, தாமதித்தால் போய்விடும்.

தினமும் ஐந்து நிமிடம் நாயின் காது, கழுத்து, விரல் இடுக்கு ஆகிய இடங்களைப் பாருங்கள். உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். கையால் நசுக்காதீர்கள். உண்ணி நாயின் மேல் முட்டை இடுவது இல்லை. சுவர் வெடிப்பிலும் தரைப் பொந்திலும் முட்டை இடுகிறது. ஆகவே நாய் படுக்கும் இடத்தைச் சுத்தம் செய்து, வெடிப்புகளைப் பூசி அடைக்க வேண்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை! பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அடிக்கும் பூச்சி மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயின் மேல் ஊற்றும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உண்ணி சாகும். நாயும் சாகும்! தோல் வழியாகவும், உடம்பை நக்கும்போது வாய் வழியாகவும் விஷம் உள்ளே போகிறது. உண்ணிக்கு என்று தனி மருந்து உண்டு. டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

வெயில்

சித்திரை, வைகாசியில் கரிசல் தரை பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெயிலில் நாய் என்ன செய்யும்? மனிதனைப் போல் நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். நாக்கைத் தொங்கப் போட்டு இரைப்பதுதான் அதற்கு வழி. வயதான நாயின் இருதயமும் நுரையீரலும் அந்தப் பாட்டைத் தாங்குவது இல்லை.

தகரக் கூரைக்குக் கீழே நாயைக் கட்டாதீர்கள். அது நிழல் அல்ல, அடுப்பு. வேப்ப மர நிழல் நல்லது. மண் தொட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். வெயில் ஏறுமுன் காலையிலும், தரை ஆறிய பிறகு மாலையிலும் நடக்க விடுங்கள்.

நாய் வாயில் நுரை தள்ளித் தடுமாறி விழுந்தால் உடனே நிழலுக்குக் கொண்டு போய், உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். பிறகு டாக்டரிடம் ஓடுங்கள்.

கிழ நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா? அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதா? தண்ணீரைக் குறைக்காதீர்கள். அது சிறுநீரக நோய்க்கோ சர்க்கரை நோய்க்கோ அடையாளமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

நடக்கட்டும்!

மூட்டு வலி கண்ட நாயை நாள் முழுவதும் கட்டிப் போட்டால் மூட்டு இறுகிப் போகும். விரட்டி ஓட வைத்தாலும் வலி கூடும். மெதுவாக, கொஞ்ச தூரம், தினமும் நடத்துவதே நல்லது. சிமெண்டுத் தரையில் படுக்க விடாமல் நாலு சாக்கை மடித்துப் போடுங்கள்.

வலிக்கு நாம் சாப்பிடும் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. பாரசிட்டமாலும் இபுப்ரோபனும் நாயின் ஈரலையும் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரு மாத்திரைதானே என்று கொடுத்து நாயைச் சாகடித்துவிடாதீர்கள்.

பெண் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும். பருவம் முடிந்து சில வாரத்தில் இது வரும். நாய் சோர்ந்து படுக்கும். தண்ணீர் நிறையக் குடிக்கும். சில நாய்க்குச் சீழ் வடியும். சில நாய்க்கு வெளியே தெரியவே தெரியாது. இது உயிருக்கு ஆபத்து. இளம் வயதிலேயே கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் இந்தப் பயம் இல்லை.

கிழ நாய்க்கும் ஊசி உண்டு

"வயதாகிவிட்டது, இனி ஊசி எதற்கு?" என்று சிலர் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை நிறுத்திவிடுகிறார்கள். இது பெரிய தவறு. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி. பிறகு டாக்டர் சொல்கிறபடி வருடா வருடம் ஊசி. நாய் இருக்கும் வரை ஊசியும் இருக்க வேண்டும்.

இது நாய்க்காக மட்டும் அல்ல. வீட்டில் உள்ள குழந்தைகளுக்காக! வெறிநோய் அடையாளம் தெரிந்த பிறகு மனிதனைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். 2030-ம் ஆண்டுக்குள் நாயால் பரவும் வெறிநோயை ஒழிக்க வேண்டும் என்று இந்தியா திட்டம் வகுத்திருக்கிறது. எந்த நாய் கடித்தாலும் புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் பூசுவது, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் உதவாது.

தெருவில் விட்டுவிடலாமா?

இனி சுப்ரீம் கோர்ட்டு விஷயம்.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி, டெல்லி வட்டாரத்துத் தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நாடு முழுவதும் விவாதம் கிளம்பியது. ஆகஸ்டு 22-ந் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அந்த உத்தரவை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்ட நாய்களையும் மூர்க்கமான நாய்களையும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7-ந் தேதி மற்றோர் உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களில் இருந்து தெரு நாய்களை அகற்ற வேண்டும். திரும்ப அங்கே விடக் கூடாது என்று அது சொன்னது.

இந்தத் தெரு நாய்கள் எல்லாம் தெருவிலேயே பிறந்தவையா? அல்ல. வீட்டில் வளர்ந்து விரட்டப்பட்ட நாய்களும் அவற்றில் இருக்கின்றன. ஓடத் தெம்பில்லாத நாய், குட்டி போட முடியாத நாய், நோய் வந்த நாய் ஆகியவற்றைச் சாக்கில் கட்டி அடுத்த ஊர் எல்லையில் விட்டு வருகிறவர்கள் உண்டு.

பத்து வருடம் ஒரே வாசலில் படுத்த நாய்க்குத் தெருப் பிழைப்புத் தெரியாது. மற்ற நாய்கள் கடிக்கும். நாற்கர ரோட்டில் லாரியில் அடிபடும். பசியும் பயமும் வந்தால் யாரையாவது கடிக்கும். அந்தக் கடி யார் வீட்டுப் பிள்ளை மேல் விழும்?

1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் பசி தாகத்தால் வாடும்படி மிருகத்தைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. ஆனால் முதல் தடவைக் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! இந்தத் தொகைக்கு யார் பயப்படுவார்கள்?

நாய் வளர்த்து விற்பவர்களுக்கு 2017-ம் ஆண்டு மத்திய அரசாங்கம் விதிகள் போட்டது. பெண் நாய்க்கு எட்டு வயது ஆகிவிட்டால் அதை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது ஒரு விதி. நல்ல விதி. ஆனால் ஒன்பதாவது வயதில் அந்த நாய்க்குச் சோறு போடுவது யார்? குட்டி விற்றுப் பணம் பார்த்தவர்தான் போட வேண்டும். அவர் போடுகிறாரா என்று பார்க்க ஆள் வேண்டும்.

தபால் தலை போட்டாயிற்று. பதிவும் செய்தாயிற்று. இனத்தைக் காப்பாற்றுவது என்றால் குட்டிகளைப் பெருக்குவது மட்டும் அல்ல. கிழ நாயைக் கவனிப்பதும் அதில் சேர்த்திதான். கால்நடை மருந்தகங்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் முகாம் நடத்துவது போல, வயதான நாய்களுக்கும் வருடத்துக்கு ஒரு நாள் முகாம் நடத்தினால் என்ன? பல், ரத்தம், உண்ணி, ஊசி நாலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பெரிய நோய்க்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லோராலும் அவ்வளவு தூரம் போக முடியாது. ஊருக்குப் பக்கத்தில் வசதி வேண்டும்.

கடைசிக் காலம்

எவ்வளவு பார்த்தாலும் ஒரு நாள் வரும். நாய் எழுந்திருக்காது. தின்னாது. வலி தாங்காமல் முனகும். அப்போது டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மருந்தால் வலியைக் குறைக்க முடியும் என்றால் குறைப்பார். முடியாது என்றால், ஊசி போட்டு வேதனை இல்லாமல் தூங்க வைக்க அவரால் முடியும். விஷம் வைப்பதும், கிணற்றில் தள்ளுவதும், ரோட்டில் விடுவதும் பாவம், குற்றமும்கூட.

அதுவரை நாம் செய்யக்கூடியவை இவைதான். கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்:

தினமும்: அளந்த சாப்பாடு, நிறையத் தண்ணீர், நிழல், மெதுவான நடை, ஐந்து நிமிடம் உண்ணி பார்த்தல்.

மாதம் ஒரு தடவை: விலாவைத் தடவிப் பார்த்தல், வாயைத் திறந்து பார்த்தல், நகம் வெட்டுதல், டாக்டர் சொன்ன உண்ணி மருந்து.

வருடம் ஒரு தடவை: வெறிநோய்த் தடுப்பூசி. எட்டு வயதுக்கு மேல் என்றால் ரத்தப் பரிசோதனையும்.

அமெரிக்க மாத்திரை ஒருநாள் கோவில்பட்டிக்கும் வரலாம். அது என்ன விலை விற்குமோ! இந்தக் காரியங்களுக்குப் பெரிய விலை இல்லை. இன்று சாயந்தரமே ஆரம்பிக்கலாம். நாயின் தட்டில் சோற்றைப் போடும்போது, மிச்சம் மீதியைக் கொட்டாமல் ஒரு கரண்டியால் அளந்து போடுங்கள். உங்கள் நாய் உங்கள் வாசலில் இன்னும் இரண்டு வருடம் படுத்திருக்க அந்தக் கரண்டி உதவும்.